கணினியின் விடையும் ஆய்வாளரின் சொல்லும்

செயற்கை இடுப்பு மூட்டைத் தாங்கும் தொடை எலும்பில், ஒருவர் மாடிப்படி ஏறும்போது எவ்வளவு தகைவு எழுகிறது என்று கணினி ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எலும்புக்குள் கருவியைச் செருகி யாரும் அளந்து பார்த்ததில்லை. உயிருள்ள மனிதரிடம் அப்படி அளப்பதும் எளிதல்ல. அளக்காத அந்த எண்ணை அறிவு என்று சொல்ல எது உரிமை தருகிறது? கணக்கீட்டு மாதிரியாக்கத் துறை எழுப்பும் அடிப்படைத் தத்துவக் கேள்வி இதுதான். சமன்பாடுகளையும் இயந்திரங்களையும் பற்றிய கேள்வியாகவே இதைப் பெரும்பாலும் விவாதிக்கிறார்கள். ஆனால் இது மனிதர்களைப் பற்றிய கேள்வியும்கூட. பல்கலைக்கழகங்களிலும் தேசிய ஆய்வகங்களிலும் இத்தகைய எண்களை உட்கார்ந்து உருவாக்குபவர்களில் பலர் போஸ்ட்டாக்குகள்: முனைவர் பட்டம் பெற்று, நிரந்தர வேலை கிடைக்காமல், ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் பணிபுரியும் ஆய்வாளர்கள். அவர்கள் வேலை செய்யும் சூழலை விட்டுவிட்டு அந்த எண்களின் மதிப்பைப் பேச முடியாது.

இதில் முதன்மையான கருவி ஃபைனைட் எலிமென்ட் முறை. ஒரு பொருள் வளைவது, வெப்பம் பரவுவது, இரத்தம் ஓடுவது ஆகியவற்றை விவரிக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகள் எளிய வடிவங்களுக்கு மட்டுமே தாளில் தீரும். விமானச் சிறகுக்கும் எலும்புக்கும் தீராது. ஆகவே பொருளை முக்கோணம், நாற்கோணம், நான்முகி போன்ற சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் விடை ஓர் எளிய கோவையாக இருப்பதாகக் கொண்டு, துண்டுகளின் கணுக்களில் அவற்றை இணைத்தால், தீர்க்க முடியாத சமன்பாடு பல்லாயிரம் நேரியல் சமன்பாடுகளாக மாறுகிறது. கணிதவியலாளர் ரிச்சர்ட் கூரண்ட் 1943இல் வெளியிட்ட கட்டுரையில் முக்கோணத் துண்டுகளைக் கொண்டு முறுக்கச் சிக்கல் ஒன்றை இப்படித் தீர்த்துக் காட்டினார். அன்று அதைப் பெரிதாகப் பயன்படுத்தக் கணினி இல்லை. போயிங் நிறுவனத்தின் விமானச் சிறகுச் சிக்கல்களிலிருந்து டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் 1956இல் எழுதிய கட்டுரைதான் பொறியியலில் இம்முறைக்கு வாசல் திறந்தது. அதற்கு இன்றைய பெயரைக் கிளஃப் 1960இல் சூட்டினார். சீனாவில் ஃபெங் காங், அணைக்கட்டுக் கணக்குகளில் ஈடுபட்டிருந்தபோது, மேற்குலகத் தொடர்பின்றித் தனியாக இதே முறையை அடைந்து 1965இல் வெளியிட்டார். ஒன்றையொன்று அறியாத இடங்களில் இருந்து ஒரே வழி பிறந்தது, அதன் கணித அடித்தளம் உறுதியானது என்பதற்கு ஒரு சான்று.

அடித்தளம் உறுதியானது, ஆனால் அதன் மேல் எழும் கட்டடம் பல படிகள் கொண்டது. எலும்பு முதலில் சி.டி. படமாகிறது. படத்திலிருந்து வடிவம் பிரித்தெடுக்கப்படுகிறது. எலும்பின் விறைப்புக்கு ஒரு சூத்திரம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தசைகள் எங்கே, எவ்வளவு விசையில் இழுக்கின்றன என்பது ஊகிக்கப்படுகிறது. பிறகு துண்டுகளின் வலையான மெஷ், அதன் பிறகு அணிச் சமன்பாட்டின் தீர்வு, கடைசியில் திரையில் நீலத்திலிருந்து சிவப்பு வரை வண்ணம் பூசிய படம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் ஒரு முடிவை எடுத்திருக்கிறார். அந்த முடிவுகளில் பல கட்டுரையில் எழுதப்படுவதில்லை. படமோ எல்லா நிலையிலும் ஒரே தெளிவோடு ஒளிர்கிறது. மோசமான மெஷ்ஷும் நல்ல மெஷ்ஷும் ஒரே வண்ணங்களைத்தான் தருகின்றன.

இதை ஒரு சிறு எடுத்துக்காட்டில் நெருங்கிப் பார்க்கலாம். L வடிவ உலோகத் தகடு. அதன் உள்மூலை வளைவில்லாத கூரிய செங்கோணம். தகட்டை இழுத்து, உள்மூலையில் எழும் தகைவைக் கணக்கிட வேண்டும். முதல் மெஷ்ஷில் 100 என்று விடை வருகிறது என்று கொள்வோம். துண்டுகளின் அளவைப் பாதியாக்கினால் விடை 137 ஆகிறது. மறுபடி பாதியாக்கினால் 188. இன்னொரு முறை, 258. எத்தனை முறை நுணுக்கினாலும் எண் ஓரிடத்தில் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். மென்பொருளில் பிழை இல்லை. நெகிழ்ச்சிக் கோட்பாட்டின்படி அத்தகைய கூர்மூலையில் தகைவு முடிவிலியை நோக்கிச் செல்கிறது. ஒவ்வொரு பாதியாக்கத்திலும் ஏறத்தாழ 37 விழுக்காடு கூடுவது அந்தக் கோட்பாட்டிலிருந்தே வருகிறது. உலகில் எந்த உலோகமும் அத்தனை கூர்மையான மூலையோடு இருப்பதில்லை. சிறு வளைவாவது இருக்கும். ஆக, விடையே இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டவருக்குக் கணினி ஒவ்வொரு முறையும் ஒரு விடையைக் கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு மெஷ்ஷோடு நிறுத்தியிருந்தால் அந்த 100 ஒரு கட்டுரையின் அட்டவணையில் இடம்பெற்றிருக்கும், படிப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வந்திருக்காது. இரண்டாம் மெஷ்ஷை ஓட்டிப் பார்ப்பதா இல்லையா என்பது ஒரு மனிதரின் பொறுமையைப் பொறுத்தது.

பொறுமை போதாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1991 ஆகஸ்ட் 23 சான்று. நார்வேயின் ஸ்டாவங்கர் நகருக்கு அருகே, கான்ஸ்ஃபியோர்டில், ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காக நீரில் தாழ்த்திக்கொண்டிருந்தபோது அதன் உட்சுவர் ஒன்று உடைந்தது. முழு அடித்தளமும் கடலடிக்குச் சென்று நொறுங்கியது. விழுந்த அதிர்வு நிலநடுக்கமானிகளில் ரிக்டர் அளவில் 3 எனப் பதிவானது. உயிரிழப்பு இல்லை. பொருளிழப்பு சுமார் 70 கோடி டாலர். விசாரணையில் தெரிந்தது இது: உருளை அறைகள் மூன்று கூடும் முக்கோணப் பகுதியின் சுவர்களில், ஃபைனைட் எலிமென்ட் கணக்கு வெட்டுத் தகைவை 47 விழுக்காடு குறைத்து மதிப்பிட்டிருந்தது. அந்த இடத்தில் மெஷ் முரடாக இருந்தது. சுவர் மெலிந்தது, கம்பிகளும் போதவில்லை. விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முறை பொய்த்துவிடவில்லை என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. அதே முறை சரியாகக் கேட்டபோது சரியாகச் சொன்னது. அதைச் சரியாகக் கேட்க முன்னதாக ஆள் இல்லை.

இத்துறையினர் இரண்டு சோதனைகளைப் பிரித்துப் பேசுகிறார்கள். எடுத்துக்கொண்ட சமன்பாடுகளைச் சரியாகத் தீர்த்தோமா என்பது ஒன்று. சரியான சமன்பாடுகளைத்தான் எடுத்துக்கொண்டோமா என்பது மற்றொன்று. முதலாவது கணிதத்தின் எல்லைக்குள் இருக்கிறது. ழான் சேயா 1964இல் நிறுவிய தேற்றம், ஃபைனைட் எலிமென்ட் விடையின் பிழை, அந்த மெஷ்ஷில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தோராயத்தின் பிழையைவிடக் குறிப்பிட்ட மடங்குக்கு மேல் போகாது என்று உறுதி தருகிறது. புரூஸ் அயன்ஸ் 1965 வாக்கில் வகுத்த பேட்ச் டெஸ்ட், எலிமென்ட் எனப்படும் துண்டின் ஒரு வகை நம்பத்தக்கதா என்பதைச் சில துண்டுகளிலேயே காட்டிவிடும். இவற்றைச் செய்ய மனமும் நேரமும் இருந்தால் போதும், முதல் சோதனையில் தேறலாம்.

இரண்டாவது சோதனைதான் தத்துவத்தின் இடம். நேயாமி ஒரெஸ்கஸ், கிறிஸ்டின் ஷ்ரேடர்-ஃபிரெஷெட், கென்னத் பெலிட்ஸ் மூவரும் 1994இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இயற்கை அமைப்புகள் மூடிய அமைப்புகள் அல்ல, அவற்றின் உள்ளீடுகள் முழுமையாகத் தெரிவதில்லை. எனவே நிலத்தடி நீரையோ பருவநிலையையோ பற்றிய எந்த எண் மாதிரியையும் உண்மை என்று நிறுவவே முடியாது, மாதிரியும் கவனிப்பும் ஒத்துப்போனால் அது ஒரு வலுசேர்ப்பு மட்டுமே என்பது அவர்கள் வாதம். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான எண்ணைத் தந்துவிடலாம். இந்த வாதம் வலுவானது. அதோடு நின்றுவிட்டால், அணை கட்டுபவருக்கும் அறுவை மருத்துவருக்கும் சொல்ல ஏதும் இருக்காது. ஆகவே வெண்டி பார்க்கர் போன்ற தத்துவவாதிகள் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார்கள்: மாதிரி உண்மையா என்று கேட்காமல், இந்த நோக்கத்துக்கு இது போதுமா என்று கேட்பது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2018இல் மருத்துவக் கருவிகளுக்காக வெளியிட்ட தரநிலையும் ஏறத்தாழ இதே வழியில் போகிறது. தவறினால் நோயாளிக்கு நேரும் தீங்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவு கடுமையான சான்று வேண்டும் என்கிறது அது. அறிவின் அளவுகோலில் விளைவின் கனமும் சேர்கிறது. இது ஒரு சமரசம் போலத் தோன்றலாம். உண்மையில் அது நேர்மையான நிலைப்பாடு. முழு உண்மை கைவசம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளாத நிலைப்பாடு.

சோதனை அறவே நடத்த முடியாத இடமும் உண்டு. அமெரிக்கா தன் கடைசி அணு வெடிப்புச் சோதனையை 1992 செப்டம்பரில் நடத்தியது. அதன் பிறகு, பழைய ஆயுதங்களின் நிலையைக் கணினிக் கணிப்பின் துணைகொண்டு மதிப்பிட வேண்டியதாயிற்று. 1995இல் தொடங்கிய பெருந்திட்டம் சாண்டியா, லாஸ் ஆலமோஸ், லிவர்மோர் ஆய்வகங்களில் உலகின் மிகப் பெரிய கணினிகளைக் கொண்டுவந்தது. கணக்கீட்டுத் துறைப் போஸ்ட்டாக்குகள் பலர் இன்றும் போய்ச் சேரும் இடங்கள் இவை. மாதிரியின் நம்பகத்தை எப்படி அளப்பது என்ற ஆய்வு இங்கேதான் மிகுந்த தீவிரத்தோடு வளர்ந்தது. எந்த நோக்கத்துக்காக என்ற அறக்கேள்வியும் அங்கே கூடவே நிற்கிறது; அந்த வேலையை ஏற்கும் இளைஞர் அதைத் தனக்குள் தீர்த்துக்கொண்டுதான் சேர வேண்டும்.

இந்தியத் தத்துவ மரபு அறிவை அதன் வாயில்களான அளவைகளைக் கொண்டு ஆராய்ந்தது. மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாசாரியார் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் மற்றவற்றை அடக்குகிறார். கணினி தரும் எண் இவற்றில் எதில் சேரும்? காட்சி அல்ல, எலும்பின் தகைவை யாரும் காணவில்லை, திரையில் காண்பது கணக்கின் படம். கருதல் என்பதே பலரும் சொல்லும் விடை: விதிகளிலிருந்து விளைவைப் பெறுவது அனுமானம்தானே. ஆனால் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பவர் அவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைத் தாமே அறிந்திருக்க வேண்டும். பத்து லட்சம் மாறிகள் கொண்ட ஒரு கணக்கின் எல்லாப் படிகளையும் எந்த மனமும் தொடர முடியாது. பால் ஹம்ஃப்ரீஸ் 2004இல் வெளியான தம் நூலில் இதை அறிவுநிலை ஒளிபுகாமை என்று விவரித்தார். ரோமன் ஃபிரிக்கும் ஜூலியன் ரைஸும் 2009இல் இதை மறுத்து, கணிப்பில் தத்துவத்துக்குப் புதிதாக ஒன்றுமில்லை, மாதிரிகளைப் பற்றிய பழைய கேள்விகளே மீண்டும் வருகின்றன என்றார்கள். தனித்தனிச் சிக்கல்கள் பழையவை என்பதில் அவர்கள் சொல்வது சரி. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே ஆளின் மேசையில் குவிவது புதிது.

ஏனென்றால், படிப்பவரைப் பொறுத்தவரை அந்த எண் மூன்றாம் அளவையால்தான் வந்து சேர்கிறது: உரை. ஒருவர் சொன்னார், மற்றவர் ஏற்றார். எந்தச் சொல்லை ஏற்கலாம் என்பதற்கு நியாய சூத்திரத்தின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். சொல்பவர் அந்தப் பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பமே அவரைப் பேசவைக்க வேண்டும். அப்படிப்பட்டவரே ஆப்தர். முனிவர், ஆரியர், மிலேச்சர் யாராயினும் இந்த இலக்கணம் பொதுவானது என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். பதவியோ குலமோ சொல்லுக்கு வலு தருவதில்லை என்ற இந்தக் கருத்து, ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலுக்கு முன் வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

முதல் நிபந்தனையை நிறைவு செய்பவர் யார்? பட்டியலின் கடைசியில் பெயர் வரும் பேராசிரியர் பெரும்பாலும் அந்த மெஷ்ஷைத் திறந்து பார்த்ததில்லை. இதழின் மறுபார்வையாளர் கட்டுரையைப் படிக்கிறார். இன்புட் கோப்பை ஓட்டிப் பார்ப்பது அரிது. எந்த எலிமென்ட்டுகள் கோணலாகிப் போயின, எந்த விசையைப் பழைய கட்டுரை ஒன்றிலிருந்து எடுக்க நேர்ந்தது, எத்தனை முறை தீர்வு ஒருங்காமல், அதாவது ஓர் எண்ணில் நிலைக்காமல், போனது என்பதெல்லாம் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் போஸ்ட்டாக் அல்லது முனைவர் பட்ட மாணவர். ஆகவே அந்த அறிவின் ஆப்தர் அவரே.

இரண்டாம் நிபந்தனையில்தான் சிக்கல். அறிந்தபடியே சொல்லும் விருப்பத்துக்கு அவருடைய ஒப்பந்தம் இடம் தருகிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் நிதி ஐரோப்பாவுக்குள் 12 முதல் 24 மாதங்களுக்கு. இந்தியாவின் தேசிய போஸ்ட்டாக் நிதியும் இரண்டு ஆண்டுகளுக்கு. ஜெர்மனியில் 2007 முதல் நடப்பிலுள்ள சட்டம், பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று தற்காலிகப் பணிக்கு வரம்பு கட்டியது. அதன் விளைவுகளுக்கு எதிராக 2021இல் ஆய்வாளர்கள் நான்தான் ஹன்னா என்ற பெயரில் பெரும் கிளர்ச்சி நடத்தினார்கள். அமெரிக்கத் தேசிய அகாதமிகளின் 2014 அறிக்கை, போஸ்ட்டாக் காலம் மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீளக்கூடாது என்று பரிந்துரைத்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் முதல் சில மாதங்கள் முன்பிருந்தவரின் நிரலைப் புரிந்துகொள்வதில் போகும். கடைசி மாதங்கள் அடுத்த வேலைக்கு விண்ணப்பிப்பதில் போகும். வெளிநாட்டவராயின் விசாவும் அந்த வேலையோடு கட்டுண்டது. நடுவில் இருக்கும் ஓராண்டில், மூன்றாம் மெஷ்ஷை ஓட்டி, எண் நிற்கவில்லை என்று கண்டு, கட்டுரையை ஆறு மாதம் தள்ளிப்போடுபவர் தன் பிழைப்பைப் பணயம் வைக்கிறார். பொய் சொல்லும்படி யாரும் அவரிடம் கேட்பதில்லை. கேள்வி கேட்காமல் இருந்தால் போதும் என்ற நிலையை ஏற்பாடே உண்டாக்கிவிடுகிறது.

மாக்ஸ் வெபர் 1917 நவம்பர் 7ஆம் நாள் மியூனிக்கில் மாணவர்கள் முன் ஆற்றிய உரையில், அறிவியலைத் தொழிலாக ஏற்பது ஒரு சூதாட்டம் என்று ஒளிக்காமல் சொன்னார். சம்பளமில்லா ஜெர்மன் விரிவுரையாளரையும், சம்பளம் உண்டு ஆனால் எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படக்கூடிய அமெரிக்க உதவியாளரையும் ஒப்பிட்டார். தகுதியைவிடத் தற்செயலே பதவியைத் தீர்மானிக்கிறது என்றும், அப்படியிருந்தும் ஒரு சிறு ஊகம் சரியா என்பதில் உயிரையே வைக்கத் துணிபவருக்குத்தான் இந்தத் தொழில் என்றும் வாதிட்டார். அந்த ஈடுபாடு உண்மையானது. இரவில் ஓட்டிவிட்டுப் போன கணக்கு காலையில் ஒருங்கியிருப்பதைக் காணும் மகிழ்ச்சிக்காகவே இத்துறையில் இருப்பவர்கள் உண்டு. ஆனால் வெபரின் சொல்லைக் கொண்டு இன்றைய ஏற்பாட்டை நியாயப்படுத்துவது தவறு. ஈடுபாடு தனிமனிதரின் குணம். சந்தேகப்படுவதற்கான நேரம் நிறுவனம் தர வேண்டிய ஒன்று. ஒருவரின் தியாகத்தை நம்பி மற்றவர்களின் எலும்புக்கும் பாலத்துக்கும் உறுதி சொல்ல முடியாது.

விமானங்கள் பறக்கின்றன, பாலங்கள் நிற்கின்றன, பிறகென்ன என்று கேட்கலாம். அவை நிற்பது கணக்கால் மட்டுமல்ல. புதிய பயணிகள் விமானத்தின் சிறகைச் சான்றளிப்புக்காக உண்மையிலேயே வளைத்துப் பார்க்கிறார்கள். பாலத்துக்குப் பாதுகாப்புக் காரணி சேர்க்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரைக்கு அப்படி ஒரு பின்காப்பு கிடையாது. அங்கே எண்ணுக்குப் பின்னால் நிற்பது ஒருவரின் சொல் மட்டுமே.

இந்தச் சொல்லை வலுப்படுத்தும் வழிகள் தெரியாதவை அல்ல. ஹைடல்பெர்க்கில் 1990களின் பிற்பகுதியில் இளம் ஆய்வாளர்கள் தொடங்கிய டீல்-டூ என்ற திறந்த ஃபைனைட் எலிமென்ட் நூலகம் 2007இல் எண்முறை மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசைப் பெற்றது. 2003இல் தொடங்கிய ஃபெனிக்ஸ் திட்டமும் அதே வழியில் வந்தது. நிரல் திறந்திருந்தால், ஒருவரின் சொல்லை மற்றவர் ஓட்டிப் பார்த்து ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். பிரிட்டனில் 2012இல் உருவான ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற பணிப்பெயர், கட்டுரை எண்ணிக்கையால் அளக்கப்படாமல் நிரலைப் பேணும் வேலைக்கு ஒரு தொழில்வழியைத் திறந்தது. இவை நல்ல தொடக்கங்கள். இன்னும் வராதது, பணியமர்த்தும் குழுக்கள் மெஷ்ஷை நுணுக்கினால் எண் நிற்கிறதா என்று பார்க்கும் ஒருங்கல் சோதனையையும், ஒத்துப்போகாத விடையை வெளியிட்டதையும் ஒரு வேட்பாளரின் தகுதியாகக் கணக்கில் எடுப்பது. மூன்றாண்டுக்குக் குறையாத ஒப்பந்தமும் அதோடு சேர வேண்டும்.

போஸ்ட்டாக் பணியில் சேரவிருப்பவர், அந்தக் குழுவில் முன்பிருந்தவர் விட்டுச்சென்ற இன்புட் கோப்பைக் கேட்டு வாங்கி, ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளியான கட்டுரையில் உள்ள எண் வருகிறதா, மெஷ்ஷைப் பாதியாக்கினால் அது நிற்கிறதா என்று பார்க்க ஒரு வாரம் போதும். கோப்பே இல்லை என்ற பதில் வந்தால், அந்த இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது.